பின்பாட்டு

பீரோ மாதிரி இரண்டு பெட்டிகளைக் கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, "இதுதான் ஸ்பீக்கர்!" என்று சொன்னால் எந்தப் பெண்மணிக்குத்தான் பொறுக்கும்?

"ஏன்னா, பாட்டுக் கேட்க இத்தனை பெரிய பெட்டியா? இதில் நாலு புடவையாவது வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. மற்ற வீடுகளில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கணவன்மார் கறிகாய் நறுக்கிக் கொடுக்கிறார்கள். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறார்கள். இவருக்கு மட்டும் சங்கீதத்தைச் 'சரியாக'க் கேட்க வேண்டும் என்று ஓர் ஆசை. அவருடைய சிநேகிதர் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு பிள்ளையுடன் போய்விட்டார். அவர் வைத்திருந்த ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிபயரும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. "பாதி விலைதான்" என்றார் இவர். அந்தப் பாதி விலையைக் கேட்டதும் எனக்கு என் கை வளையல்கள் ஞாபகத்துக்கு வந்தன. மேலே ஒன்றும் கேட்காமல் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை சுப்ரபாதம் வைத்தார். டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் குரல் வீட்டுக்குள் வருவது எங்களுக்கு நாற்பது வருஷத்துப் பழக்கம். முதலில் டிரான்சிஸ்டரில் வந்தது, பிறகு காசெட்டில், இப்போது கைபேசியில். கோயில் ஒலிபெருக்கியிலும், டீக்கடையிலும், பஸ் ஸ்டாண்டிலும் கேட்ட அதே சுப்ரபாதந்தானே என்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று கை நின்றுவிட்டது.

ஒருவர் பாடவில்லை. இரண்டு பேர் பாடுகிறார்கள்!

எம்.எஸ்.ஸின் குரலை ஒட்டி, அதற்கு ஒரு நூல் பின்னால், இன்னொரு பெண் குரல். விலகுவதே இல்லை, முந்துவதும் இல்லை. கோலத்தில் ஓர் இழைக்குப் பக்கத்தில் இன்னோர் இழை போடுவதுபோல் கூடவே போகிறது. 1963ல் வெளிவந்த அந்த ரிகார்டில் உடன் பாடியவர் அவருடைய மகள் ராதா விசுவநாதன். 1945ல் வந்த 'மீரா' படத்தில் குழந்தை மீராவாக நடித்த அதே ராதாதான். 1966ல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடியபோதும் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் தெரிந்திருப்பது வேறு. காதால் கேட்பது வேறு. நாற்பது வருஷமாக இரண்டு பேரையும் சேர்த்து ஒருவராகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உன் டிரான்சிஸ்டர் பேரில் தப்பில்லை" என்றார் இவர், காப்பியை வாங்கிக்கொண்டே. "உள்ளங்கை அகல ஸ்பீக்கர் எதையெல்லாம் பாடும்? கீழ் ஸ்வரங்களுக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு அந்தச் சின்னக் காகிதக் கூம்பால் முடியாது. ரொம்ப மேலே இருக்கும் நுணுக்கங்களை ரேடியோவே வெட்டிவிடும். நடுவில் இருப்பதுதான் உனக்கு வந்தது."

அன்றிலிருந்து நானும் கொஞ்சம் கொஞ்சமாக மாணவியாகிவிட்டேன். பணம் செலவழிக்காமலே பாதி விஷயம் நடக்கும் என்பது நான் கற்ற முதல் பாடம். ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டடி முன்னால் தள்ளினோம். இரும்பு பீரோ மேல் இருந்த பழைய ரேடியோவை இறக்கினோம். அது பாடும்போதெல்லாம் பீரோவும் கூடப் பாடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் நாற்காலியைப் போட்டோம். ஜன்னலுக்குக் கனத்த திரை. எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் எதில் தெரிந்தது என்கிறீர்கள்? மின்விசிறியை நிறுத்தியதில்! நம் வீடுகளில் மின்விசிறியும் குக்கரும் மிக்ஸியும் சேர்ந்து எத்தனை சங்கீதத்தை விழுங்கிவிடுகின்றன என்று நீங்களே ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள்.

மிருதங்கம் என்றால் 'டக் டக்' என்று ஒரு தட்டல் என்றுதான் நினைத்திருந்தேன். அது வலந்தலை மட்டுந்தானாம். கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து இடது பக்கத்தில் அப்புகிறார்களே, அந்தத் தொப்பியின் கும்கிதான் வயிற்றில் போய் விழுகிற நாதம். சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. பாலக்காடு மணி ஐயர், மைக் இருந்தால் வாசிக்கமாட்டேன் என்று சில காலம் பிடிவாதமாக இருந்தாராம். அது ஏன் என்று எனக்கு இப்போது கொஞ்சம் விளங்குகிறது. தம்பூராவும் அப்படித்தான். தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் செருகுகிற ஒரு துண்டு நூலை 'ஜீவா' என்கிறார்கள். அந்த நூல் சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் தந்தி ரீங்காரம் இடும். நல்ல கருவியில் கேட்டால், நாலு தந்தியில் நாற்பது தந்தி பேசுவதுபோல் இருக்கிறது.

பாட்டைத் தவிர வேறு ஒலிகளும் வெளியே வந்தன. ஒரு வித்வான் வரிக்கு முன்னால் மூச்சு இழுப்பார். வயலின்காரர் வில்லை மாற்றுவார். எங்கோ ஒருவர் "பேஷ்" என்பார். வெளிநாடுகளில் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஸ்டூடியோவில் பதிவு செய்கிறவர்களுக்கும் இது தப்பவில்லை. கனடா தேசத்துப் பியானோ மேதை க்ளென் கூல்ட் 1955ல் நியூயார்க்கில் பாக் என்பவரின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' வாசித்துப் பதிவு செய்தார். அதில் பியானோவுக்குப் பின்னால் அவரே முனகிப் பாடுவது கேட்கிறது. 1967ல் வந்த பீட்டில்ஸ் பாட்டு ஒன்றின் கடைசியில், தேய்ந்துகொண்டே போகும் நாதத்தைப் பிடிப்பதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கூட்டக் கூட்ட, அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டதும் பதிவாகிவிட்டது. கருவி புதிதாக ஒன்றையும் சேர்ப்பதில்லை. இருந்ததை மறைக்காமல் விடுகிறது. அவ்வளவுதான்.

ராதாவின் குரலைக் கேட்ட அன்றைக்கே எனக்குச் சித்தியின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அம்மாவும் சித்தியும் ஒரே வாத்தியாரிடம் பாட்டுக் கற்றவர்கள். அம்மாவுக்குக் கணீரென்ற சாரீரம். சித்தி ஐந்து வயது இளையவள். தம்பூராவை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி உட்காருவாள். கூடவே மெள்ளப் பாடுவாள். கொலுவுக்கு அழைக்கிறவர்கள், "அக்காவைக் கட்டாயம் அழைச்சுண்டு வா" என்று சித்தியிடந்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்!

1968ஆம் வருஷம் நவராத்திரி. திருவல்லிக்கேணியில் குடியிருந்தோம். எனக்கு 12 வயது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாமா ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டர் கொண்டு வந்திருந்தார். துண்டை நாலாக மடித்து அதன் மேல் மைக்கை வைத்து, "யாரும் மூச்சு விடப்படாது" என்று உத்தரவு போட்டார். முதல் நாளானதால் அம்மா தீக்ஷிதரின் கமலாம்பா நவாவரணத்தில் முதல் ஆவரணத்தை, ஆனந்தபைரவி கீர்த்தனையை, எடுத்துக்கொண்டாள். பல்லவி, அனுபல்லவி எல்லாம் பிரமாதம். நீளமான சரணத்தின் நடுவில் அம்மா சட்டென்று நின்றாள். கண்களை மூடிக்கொண்டாள். தம்பூரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று விநாடி இருக்கும். பிறகு அம்மா எடுத்தாள் பாருங்கள், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

"அம்பாளே வந்து நின்னுட்டாடீ! அதான் இவளுக்குத் தொண்டை அடைச்சுடுத்து" என்றாள் பாட்டி. பாட்டி சொன்னால் மறுபேச்சு உண்டா? அன்று முதல் அது 'அம்பாள் வந்த பாட்டு' ஆகிவிட்டது. அம்மா எந்தக் கொலுவுக்குப் போனாலும் அந்தக் கதை அவளுக்கு முன்னால் போய்க் காத்திருக்கும்.

சித்திக்கு என்ன கதை கிடைத்தது? "அவளுக்கு என் பின்னாடி வந்தா வரும். தனியா விட்டா தடுமாறிடுவா" என்பாள் அம்மா. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. மழை வரும், வெயில் அடிக்கும் என்பதுபோல் சொல்லுவாள். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

2004ல் என் பெண்ணின் கல்யாணம். ஊஞ்சலுக்கு யார் பாடுவது என்ற பேச்சு வந்தது. அம்மாவுக்கு அப்போது குரல் போய்விட்டது. "சித்தி பாடட்டுமே" என்றாள் யாரோ ஓர் உறவுக்காரி. நான் கல்யாண அவசரத்தில், "சித்திக்குத் தனியாகப் பாட வராதே! காசெட்டைப் போட்டுவிடலாம்" என்று சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சித்தி பாலும் பழமும் வைத்த தட்டோடு என் பின்னால் நிற்கிறாள். ஒன்றும் சொல்லாமல் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஊஞ்சலுக்குக் காசெட்தான் பாடிற்று.

அம்மா 2009ல் காலமானாள். அம்பாள் வந்த பாட்டு எங்களிடம் ஒரு காசெட்டில் இருந்தது. ஸ்பூலிலிருந்து ஒரு காசெட், அதிலிருந்து இன்னொன்று என்று பிரதி எடுத்து எடுத்து, மழை பெய்வதுபோல் ஓர் இரைச்சல். அதற்கு நடுவில் அம்மாவின் குரல். போன வருஷம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கோத்து டின்னில் அந்த அசல் ஸ்பூலே கிடைத்தது! என் வீட்டுக்காரருக்குக் காலில் சக்கரம் முளைத்துவிட்டது. பழைய ஸ்பூல் யந்திரத்தைச் செப்பனிட்டு வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தார். அந்த மனிதர் யந்திரத்தின் தலையைத் துடைத்து, நாடாவுக்கு நேராக அதன் கோணத்தைத் திருத்தி, சாவதானமாக ஓட்டிப் பதிவு செய்து கொடுத்தார். அந்தக் கோணம் ஒரு மயிரிழை பிசகினாலும் மேல் ஸ்தாயி நுணுக்கமெல்லாம் மங்கிவிடுமாம்.

விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்க உட்கார்ந்தோம். பேத்தியும் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு 11 வயது. அம்மாவின் குரல் கூடத்துக்குள் நடந்து வந்தது. கை வளையல் ஒலித்தது. ஒரு குழந்தை இருமிற்று. அது நான்தான், மாமாவிடம் குட்டு வாங்கியது ஞாபகம் இருக்கிறது. தூரத்தில் யாரோ வெண்கலப் பானையை இறக்கி வைத்தார்கள், சுண்டலாக இருக்கும். சரணம் வந்தது. அம்மா நின்றாள். தம்பூரா ஒலித்தது.

"பாட்டி, யாரோ குசுகுசுன்னு பேசறாளே?" என்றாள் பேத்தி.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வயதானால் முதலில் மங்குவது மேல் ஒலிகளைக் கேட்கும் சக்திதான். இவர் திரும்ப வைத்து, கொஞ்சம் கூட்டினார். மூன்றாம் தடவை எனக்கும் கேட்டது.

சித்தியின் குரல். குரல்கூட இல்லை, வெறும் காற்று. சரணத்தின் அடுத்த வார்த்தையை ரகசியமாகச் சொல்லிக் கொடுக்கிறாள். சொல்லி முடித்த மறு கணம், அதே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அம்மா கிளம்புகிறாள்.

ரகசியம் பேசும்போது தொண்டை அதிர்வதில்லை. மூச்சின் சீறல்தான் வார்த்தையாகிறது. டேப்பின் இரைச்சலும் ஒரு சீறல்தான். சீறலுக்குள் சீறல் ஒளிந்துகொண்டால் யாருக்குத் தெரியும்? ஐம்பது வருஷத்துக்குமேல் அது பிஸ்கோத்து டின்னில் இருந்திருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே இருந்திருக்கிறது.

"போகட்டும், விடு" என்றார் இவர். "உங்கம்மா பெருமையை நாமே எதற்குக் குறைக்கணும்?"

மூன்று நாள் யோசித்தேன். அம்மாவின் பெருமையைப் பற்றிக்கூட இல்லை. அந்தப் பால் பழத் தட்டைப் பற்றித்தான். நாலாம் நாள், பாட்டைக் கைபேசியில் ஏற்றி வாங்கிக்கொண்டு, அவருடைய நல்ல ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ரயில் ஏறினேன். சித்திக்கு இப்போது 86 வயது. பிள்ளையோடு இருக்கிறாள்.

ஹெட்போனைச் சித்தியின் காதில் வைத்தேன். "என்னடி இது, கிரீடம் மாதிரி?" என்று சிரித்தாள். பாட்டு ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. விரல்கள் தம்பூரா மீட்டுவதுபோல் மடியில் அசைந்தன. சரணத்தில் அந்த இடம் வந்தது. விரல்கள் நின்றன.

"கேட்டுடுத்தா?" என்றாள் என்னைப் பார்த்து.

"சித்தி, ஏன் ஒருநாளும் சொல்லவே இல்லை?"

"என்னத்தைச் சொல்றது? பின்பாட்டுன்னா அதுதானேடி வேலை. முன்னாடி போறவா தடுக்கினா பிடிச்சுக்கணும். பிடிச்சேன் பிடிச்சேன்னு ஊரெல்லாம் சொன்னா, அதுக்குத் தள்ளி விட்டிருக்கலாமே!"

நான் கல்யாணத்தன்று சொன்னதைப் பற்றி ஆரம்பித்தேன். வார்த்தை சரியாக வரவில்லை. "அன்னிக்கு ஊஞ்சலில்..." என்று இழுத்தேன்.

"ஆமாம்" என்றாள் சித்தி. "வருத்தமாத்தான் இருந்தது. ரெண்டு நாள் சாதம் இறங்கல்லே. நீயும் சொல்லிட்டியேன்னு இருந்தது."

'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் போலிருக்கிறது. அவள் சொல்லாதது நல்லதாகவே போயிற்று. மன்னித்துக்கொள் என்று கேட்பதற்கு ஒரு இடம் கிடைத்தது, கேட்டேன். தலையை ஆட்டினாள்.

"சித்தி, இப்போது ஏதாவது பாடேன்."

"இப்போ குரல் எங்கேடி இருக்கு? காத்துதான் வரும்." பிறகு, "இன்னொரு தரம் அதை வை" என்றாள்.

வைத்தேன். தன் குரலைத்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள், அந்த இடம் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா மூச்சு இழுக்கறா, கேக்கறதா? பயந்து போயிட்டாடி. பாவம், அவ்வளவு பேர் எதிரே!"

அம்மா பயந்து நான் பார்த்ததே இல்லை. அதையும் அன்றுதான் கேட்டேன்.

இந்த வருஷக் கொலுவில் விசிறியை நிறுத்திவிட்டு, வந்தவர்களை உட்கார வைத்து, அந்தப் பாட்டை வைத்தோம். பேத்திதான் கதை சொன்னாள். "இந்த இடத்துலதான் அம்பாள் வந்தான்னு எங்க கொள்ளுப்பாட்டியோட அம்மா சொல்லுவாளாம்" என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கே பேசவில்லை. பாட்டி சொன்னது பொய்யில்லை. அம்பாள் வந்துதான் இருந்தாள். ஒரு முழம் பின்னால், மடியில் தம்பூராவோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள்தான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆமாம், அந்தப் பீரோ ஸ்பீக்கர்கள் கூடத்திலேயேதான் இருக்கின்றன. வாரம் ஒருமுறை நானே துடைத்து வைக்கிறேன்.